தாய் தகப்பன் இல்லாத பிள்ளை உங்கள் வீட்டுக்கு வந்தால்

காரியம் முடிந்து சொந்தபந்தங்கள் ஊர் திரும்பும் நேரத்திலேயே, பிள்ளைகள் இனி யாரிடம் இருப்பார்கள் என்பது முடிவாகிவிடும். யாரும் உட்கார்ந்து பேசி எடுக்கும் முடிவாக அது பெரும்பாலும் இருப்பதில்லை. அம்மாச்சி பேரனின் கையைப் பிடித்துக்கொள்வாள், சித்தி துணிமணிகளைப் பையில் எடுத்து வைப்பாள், அவ்வளவுதான். தாய் இறந்து, தகப்பன் குடியில் விழுந்த வீட்டிலும் இப்படித்தான். தகப்பன் சிறைக்குப் போன வீட்டிலும், தாய் எங்கே போனாள் என்றே தெரியாத வீட்டிலும் இப்படித்தான்.

நம் பிள்ளையை நாம் வளர்க்க யாரிடம் கேட்க வேண்டும் என்ற நினைப்பு இயல்பானது. ஆனால் பள்ளிக்கூடம், வங்கி, தாலுகா அலுவலகம், பி.எஃப். அலுவலகம் என்று எங்கே போனாலும் 'நீங்கள் யார்?' என்ற கேள்வி வரும். 'பாட்டி' என்ற பதில் பள்ளிக்கூடத்தில் செல்லும். வங்கியில் பாதி செல்லும். நீதிமன்றத்தில் அது மட்டும் போதாது. தமிழ்நாட்டில் இப்படிப் பிள்ளைகளை ஏற்றுக்கொண்ட உறவினர்கள் எதை முதலில் செய்ய வேண்டும், எதைப் பிறகு செய்யலாம், எதைச் செய்யவே கூடாது என்பதை வரிசையாக எழுதுகிறேன்.

முதல் மாதம்: காகிதங்கள்

பிளாஸ்டிக் உறை போட்ட கோப்பு ஒன்றைப் பிள்ளையின் பெயரில் தனியாக வாங்குங்கள். பிறப்புச் சான்றிதழ், ஆதார், பெற்றோரின் ஆதார், அவர்களின் திருமணப் பதிவோ பத்திரிகையோ, குடும்ப அட்டை நகல், பள்ளி ஆவணங்கள், தடுப்பூசி அட்டை எல்லாம் அதில் இருக்கட்டும். துக்க வீட்டில் பீரோவைத் திறந்து இதையெல்லாம் தேடச் சங்கடமாகத்தான் இருக்கும். ஆனாலும் அந்த வீட்டைக் காலி செய்வதற்கு முன் தேடி எடுத்துவிடுங்கள். வாடகை வீடு கைமாறிய பிறகு அந்தக் காகிதங்கள் கிடைப்பது அரிது.

அடுத்தது இறப்புச் சான்றிதழ். இறப்பை 21 நாள்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். மருத்துவமனையில் நடந்திருந்தால் அவர்களே பதிவு செய்வார்கள். வீட்டில் நடந்திருந்தால் ஊராட்சி, நகராட்சி அல்லது மாநகராட்சியில் நீங்கள்தான் தெரிவிக்க வேண்டும். ஓராண்டு கடந்துவிட்டால் கோட்டாட்சியர் உத்தரவு வரைக்கும் போக நேரிடும். வேலைக்குப் போன வெளிமாநிலத்தில் இறந்திருந்தால் சான்றிதழ் அந்த ஊரில்தான் கிடைக்கும். உடலைக் கொண்டுவரும்போதே அதற்கும் ஏற்பாடு செய்துவிடுங்கள். காணாமல் போனவர் என்றால் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, அந்த ரசீதைக் கோப்பில் வையுங்கள். பல ஆண்டுகளுக்குப் பிறகும் அது கேட்கப்படும்.

பிறகு வாரிசுச் சான்றிதழ். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் கிராம நிர்வாக அலுவலர் விசாரித்து, வட்டாட்சியர் வழங்குவார். பிள்ளைகள் எல்லோருடைய பெயரும் அதில் சரியாக இருக்கிறதா என்று எழுத்து எழுத்தாகப் பாருங்கள். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் மகன் இறந்தால் அவன் மனைவி, பிள்ளைகளோடு அவனைப் பெற்ற தாயும் முதல் நிலை வாரிசு. தகப்பன் அந்த வரிசையில் இல்லை. இது தெரியாமல் அப்பத்தாவின் பெயரை விட்டுவிட்டு, பின்னால் பெரிய தகராறாக மாறிய வீடுகள் உண்டு.

குடும்ப அட்டையில் பிள்ளையின் பெயரைப் பழைய அட்டையிலிருந்து நீக்கி உங்கள் அட்டையில் சேர்ப்பதும் இந்த மாதத்து வேலைதான். அரிசி, சர்க்கரைக்காக மட்டும் சொல்லவில்லை. பிள்ளை உங்கள் வீட்டில்தான் வளர்கிறது என்பதற்கு அரசு தரும் முதல் எழுத்துச் சான்று அதுதான். பிள்ளைக்கு 5 வயதிலும் 15 வயதிலும் ஆதாரில் கைரேகை, கருவிழிப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும் என்பதையும் குறித்து வையுங்கள்.

இந்த அலுவலகங்களில் வயதானவர்கள் படும் பாட்டைச் சொல்லாமல் போக முடியாது. வயல் வேலையிலும் தீப்பெட்டி வேலையிலும் தேய்ந்த விரல்கள். இயந்திரத்தில் வைத்தால் சிவப்பு விளக்குதான் எரியும். ஊழியர் துணியால் துடைத்து மறுபடி வைக்கச் சொல்வார். பக்கத்தில் நிற்கும் பேத்தி பாட்டியின் விரலை எடுத்துத் தானே அழுத்திப் பார்ப்பாள். அப்போதும் பதியாது. நாளைக்கு வாருங்கள் என்றால் திரும்பிப் போய்விடாதீர்கள். கருவிழிப் பதிவு மூலம் சரிபார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

பணம் எங்கிருந்து வரும்

மாவட்ட ஆட்சியர் அலுவலக நிர்வாகத்தின் கீழ் எல்லா மாவட்டங்களிலும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு இயங்குகிறது. எங்கே போவது என்று தெரியாமல் நிற்பவர்கள் முதலில் போக வேண்டிய இடம் அதுதான். போக முடியாதவர்கள் 1098 என்ற எண்ணில் கூப்பிடலாம்; கட்டணம் இல்லை.

அங்கே இரண்டு உதவிகளைப் பற்றிக் கேளுங்கள். ஒன்று, மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தின் நிதி ஆதரவு: பிள்ளை ஒருவருக்கு மாதம் 4,000 ரூபாய். பெற்றோரை இழந்து உறவினர் வீட்டில் வளரும் பிள்ளைகள் இதில் வெளிப்படையாகவே குறிப்பிடப்பட்டிருக்கிறார்கள். குடும்ப ஆண்டு வருமானம் கிராமப்புறத்தில் 72,000 ரூபாய்க்கும் மற்ற இடங்களில் 96,000 ரூபாய்க்கும் மேல் போகக் கூடாது. மற்றொன்று, தமிழ்நாடு அரசு 2025 செப்டம்பரில் தொடங்கிய அன்புக்கரங்கள் திட்டம்: 18 வயது வரை மாதம் 2,000 ரூபாய். பெற்றோர் இருவரையும் இழந்தவர்களோடு, ஒருவர் இறந்து மற்றவர் கைவிட்டுப் போனவர், சிறையில் இருப்பவர், கடும் நோயிலோ உடல், மனக் குறைபாட்டிலோ இருப்பவர் என்றாலும் பிள்ளைக்கு இது பொருந்தும். ஒன்றைப் பெறும்போது மற்றதும் கிடைக்குமா என்பதை விண்ணப்பிக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

விண்ணப்பித்ததும் ஒரு பணியாளர் வீட்டுக்கு வந்து விசாரிப்பார். பிள்ளை எங்கே தூங்குகிறது, பள்ளிக்குப் போகிறதா, வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்றெல்லாம் கேட்பார். வீடு சின்னதாக இருக்கிறதே என்று வெட்கப்பட வேண்டாம். பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்களோ என்று பயந்து விண்ணப்பிக்காமலே இருக்கும் பாட்டிகள் உண்டு. குழந்தைகள் நீதிச் சட்டம் சொல்வதே வேறு: பிள்ளை முடிந்தவரை குடும்பத்தில்தான் வளர வேண்டும், குழந்தைகள் இல்லம் கடைசி வழி. உங்கள் வீட்டிலேயே பிள்ளை இருப்பதற்குத்தான் இந்தப் பணம். ஆனால் அது தாமதமாக வரலாம், சில மாதத்துக்குச் சேர்ந்தும் வரலாம். அதை நம்பிக் கடன் வாங்காதீர்கள்.

பெற்றோர் விட்டுச்சென்ற உரிமைகள் இதைவிடப் பெரியவை. பலர் தேடுவதே இல்லை. இறந்தவர் சம்பளத்தில் பி.எஃப். பிடித்தம் இருந்ததா? இருந்தால் சேமிப்புத் தொகை, காப்பீட்டுத் தொகை, ஓய்வூதியம் என மூன்றையும் கேட்க வேண்டும். பெற்றோர் இருவரும் இல்லாத பிள்ளைக்கு விதவை ஓய்வூதியத்தில் 75 சதவீதம், குறைந்தது மாதம் 750 ரூபாய், ஒரே நேரத்தில் இரு பிள்ளைகள் வரை, 25 வயது வரை கிடைக்கும். கட்டடத் தொழிலாளியாக இருந்திருந்தால் நலவாரிய அட்டையைத் தேடுங்கள். இறப்பு உதவியும் பிள்ளைகளின் படிப்புக்கு உதவியும் உண்டு. வருமானம் ஈட்டிய தாயோ தகப்பனோ விபத்தில் இறந்து, பிள்ளை அரசுப் பள்ளியிலோ அரசு உதவிபெறும் பள்ளியிலோ படித்தால், 75,000 ரூபாய் பிள்ளையின் பெயரில் வைப்புத்தொகையாகப் போடப்படும். அதற்கு விண்ணப்பிக்க வேண்டியது தலைமை ஆசிரியர் மூலமாக.

தாயின் நகையைப் பற்றி ஒரு வார்த்தை. எடை போட்டு, படம் எடுத்து, இரு வீட்டாரும் கையெழுத்திட்ட பட்டியல் எழுதி, வங்கிப் பெட்டகத்தில் வையுங்கள். திருமணமாகி ஏழு ஆண்டுகளுக்குள் இயற்கையல்லாத காரணத்தால் பெண் இறந்தால், அவளுக்குக் கொடுத்த சீதனம் அவள் பிள்ளைகளுக்கே சேரும் என்று வரதட்சணைத் தடுப்புச் சட்டம் சொல்கிறது. அது அந்தப் பிள்ளையின் சொத்து. வளர்ப்புச் செலவுக்கென்று அதை அடகு வைப்பது தவறு.

சட்டப்படி பாதுகாவலர் ஆவது

இந்துச் சட்டப்படி பிள்ளையின் இயற்கைப் பாதுகாவலர் தகப்பன், அவருக்குப் பிறகு தாய். தாத்தா, பாட்டி, சித்தி, மாமா யாரும் அந்தப் பட்டியலில் இல்லை. நீங்கள் பத்தாண்டு வளர்த்திருந்தாலும் பிள்ளையின் பெயரில் உள்ள நிலத்தை விற்கவோ அடகு வைக்கவோ உங்களால் முடியாது. காப்பீட்டுப் பணத்தைப் பிள்ளைக்காகப் பெறப் போனால் பாதுகாவலர் சான்று கேட்கலாம். செல்வமகள் சேமிப்புக் கணக்கைக்கூடப் பெற்றோரோ சட்டப்படியான பாதுகாவலரோதான் தொடங்க முடியும். தாத்தா பாட்டி தொடங்கியிருந்த கணக்குகளை அப்படி மாற்ற வேண்டும் என்று 2024இல் மத்திய நிதி அமைச்சகம் தெளிவுபடுத்தியது.

அந்தச் சான்றைத் தருவது 1890ஆம் ஆண்டின் பாதுகாவலர்கள் மற்றும் பாதுகாக்கப்படுவோர் சட்டம். எல்லா மதத்தினருக்கும் பொதுவானது. பிள்ளை வழக்கமாக வசிக்கும் இடத்துக்குரிய நீதிமன்றத்தில் மனு போட வேண்டும். பிள்ளையின் நலன் எங்கே இருக்கிறது என்பதைத்தான் நீதிபதி பார்ப்பார். விவரம் தெரிந்த வயதென்றால் பிள்ளையின் விருப்பத்தையும் கேட்பார். மாதக்கணக்கில் ஆகும்.

செலவை நினைத்துத் தள்ளிப்போடாதீர்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பில்லாமல் இலவச வழக்கறிஞர் பெறும் உரிமை 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தில் இருக்கிறது. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கும். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

நான் வலியுறுத்திச் சொல்வது இது: வயதான தாத்தா பாட்டி மட்டும் மனு போடுவதைவிட, பிள்ளைமேல் பாசமுள்ள இளையவர் ஒருவரையும், அதாவது சித்தியையோ மாமாவையோ, சேர்த்து நியமிக்கும்படி கேளுங்கள். நீங்கள் படுத்துவிட்டால் பிள்ளை மறுபடியும் யாருமற்று நிற்கக் கூடாது. உயிலில் 'இவர் பார்த்துக்கொள்ளட்டும்' என்று தாத்தா எழுதுவது சட்டத்தின் முன் நிற்காது.

இன்னொன்று, 20 ரூபாய் முத்திரைத்தாளில் 'பிள்ளையைத் தத்துக் கொடுத்தோம்' என்று எழுதி, நோட்டரி கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளும் பழக்கம். அந்தத் தாளுக்கு எந்த மதிப்பும் கிடையாது.

பள்ளிக்கூடம்

இங்கே கதவு ஓரளவு எளிதாகத் திறக்கும். எட்டாம் வகுப்பு வரை வயதுச் சான்று இல்லை என்பதற்காகவோ, மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமாகிறது என்பதற்காகவோ சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. தனியார் பள்ளிகளின் 25 சதவீத இடஒதுக்கீட்டில் பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்குத் தனி இடம் உண்டு. தேர்வுக்குச் சில வாரங்களே இருந்தால் பள்ளியை மாற்றாதீர்கள். பஸ் செலவு ஆனாலும் பழைய நண்பர்களோடு அந்த ஆண்டை முடிக்கட்டும். சேர்த்ததும் வகுப்பாசிரியரிடம் தனியாக விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். 'உன் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா' என்று வகுப்பின் முன்னால் கேட்பது பிள்ளைக்கு எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

பிள்ளையின் மனம்

அம்மா வெளியூருக்குப் போயிருக்கிறாள், வந்துவிடுவாள் என்று சொல்லாதீர்கள். இரக்கத்தில் சொல்வதுதான். ஆனால் பிள்ளை ஒவ்வொரு பஸ் சத்தத்துக்கும் வாசலைப் பார்க்கும். வராதபோது, என்மேல் கோபத்தில்தான் வரவில்லை என்று முடிவு கட்டிக்கொள்ளும். அம்மா இறந்துவிட்டாள், அவள் உடம்பு வேலை செய்வதை நிறுத்திவிட்டது, இனி வர மாட்டாள், நீ செய்த எதனாலும் இது நடக்கவில்லை, உன்னை நாங்கள் பார்த்துக்கொள்வோம். நான்கு வயதுப் பிள்ளைக்கும் இதைச் சொல்லலாம். ஒரு முறை சொன்னால் போதாது. அதே கேள்வியை மாதக்கணக்கில் கேட்கும். அதே பதிலை மாற்றாமல் சொல்லுங்கள்.

தற்கொலை என்றால் இன்னும் கடினம். மறைத்தாலும் பக்கத்து வீட்டுப் பிள்ளை விளையாட்டில் சொல்லிவிடும். உடம்புக்கு வருவதுபோல மனதுக்கும் நோய் வரும், அப்பாவுக்கு அது முற்றிவிட்டது, யாரிடமும் உதவி கேட்க முடியாமல் போய்விட்டது என்று வயதுக்கேற்ப நீங்களே முதலில் சொல்லுங்கள்.

படுக்கையில் சிறுநீர் கழிக்கும் பழக்கம் நின்றுபோயிருந்தாலும் திரும்பும், இரவில் அலறும், சோற்றைத் தலையணைக்கடியில் ஒளித்து வைக்கும், ஒன்றுமே நடக்காததுபோல் சிரித்து விளையாடவும் செய்யும். எல்லாமே துக்கம்தான். அடிக்காதீர்கள். மாதங்கள் கடந்தும் சாப்பாடு இறங்கவில்லை, பள்ளிக்குப் போகவே மறுக்கிறது, சாவதைப் பற்றிப் பேசுகிறது என்றால் அரசு தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸ் எண் 14416. எந்த நேரமும் தமிழில் பேசலாம், மகனையோ மகளையோ இழந்த துக்கத்தில் இருக்கும் நீங்களும் பேசலாம்.

'பெற்றவளை முழுங்கிய பிள்ளை' என்று சொல்லும் வாய் எல்லா ஊரிலும் இருக்கிறது. அப்படிச் சொல்பவர் எவ்வளவு நெருங்கிய சொந்தமானாலும், பிள்ளையின் முன்னாலேயே நிறுத்துங்கள். பிள்ளை கவனிப்பது அந்தச் சொல்லைவிட உங்கள் மௌனத்தைத்தான்.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிள்ளையைத் திரும்பிப் பார்க்காத தகப்பன் இப்போது வந்து கேட்கிறான். கொடுத்தாக வேண்டுமா?

மிரட்டலுக்குப் பயந்து உடனே கொடுக்கவும் வேண்டாம், ஒளித்து வைக்கவும் வேண்டாம். தகப்பன் உயிரோடு இருந்து, தகுதியற்றவர் என்று நிரூபிக்கப்படாதவரை நீதிமன்றம் வேறொருவரைப் பாதுகாவலராக்குவது கடினம். தாய் புற்றுநோயில் இறந்து, தகப்பனும் நோயுற்றிருந்த காலத்தில் தாயின் சகோதரிகள் வளர்த்த குழந்தையை, தகப்பனிடமே ஒப்படைக்க 2019இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அடித்தது, குடித்தது, செலவுக்குத் தராதது ஆகியவற்றுக்கு உங்களிடம் என்ன சான்று இருக்கிறது என்பதே முக்கியம். காவல் நிலைய ரசீது, மருத்துவச் சீட்டு, பள்ளிக் கட்டண ரசீது எல்லாம் அந்தக் கோப்பில் இருக்க வேண்டும். நல்ல மனிதராகத் திருந்தி வந்திருந்தால், கொஞ்சம் கொஞ்சமாகப் பழக விடுங்கள். பிள்ளைக்கு அது இழப்பாகாது.

இரண்டு பக்கத்துத் தாத்தா பாட்டியும் கேட்கிறார்கள். யாருக்கு உரிமை?

இயல்பாகவே ஒரு பக்கத்துக்கு உரிமை என்பது கிடையாது. கொரோனாவில் பெற்றோரை இழந்த சிறுவன் ஒருவனை, நல்ல வேலையில் இருந்த தாய்வழிச் சித்தியிடம் குஜராத் உயர் நீதிமன்றம் ஒப்படைத்தது. 2022இல் உச்ச நீதிமன்றம் அதை மாற்றி, தந்தைவழித் தாத்தா பாட்டியிடம் கொடுத்தது. வருமானமோ வயதோ மட்டும் அளவுகோல் ஆகாது என்றது. நீதிமன்றம் போகுமுன் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் சமரச மையத்தில் உட்கார்ந்து பேசுங்கள். விடுமுறைக்கு அங்கே, பள்ளி நாள்களில் இங்கே என்று எழுதிக்கொள்வது நடைமுறைக்கு ஒத்துவரும்.

தத்து எடுத்துக்கொள்ளலாமா?

எடுக்கலாம். சித்தப்பா, பெரியப்பா, அத்தை, மாமா, சித்தி, பெரியம்மா, இரு பக்கத்துத் தாத்தா பாட்டி ஆகியோர் உறவினர் தத்தெடுப்புக்கு மத்தியத் தத்தெடுப்பு ஆதார ஆணையத்தின் தளத்தில் பதியலாம். பாதுகாப்பு அலகு உதவும். உத்தரவு தருவது மாவட்ட ஆட்சியர். ஐந்து வயதைக் கடந்த பிள்ளையின் சம்மதமும் தேவை. பிள்ளையில்லாத சித்தப்பா சித்திக்கு இது நல்ல வழி. எழுபது வயது அம்மாச்சிக்குப் பாதுகாவலர் சான்றே போதுமானது என்பது என் எண்ணம்.

என் பிள்ளைகள் பொறாமைப்படுகிறார்கள்.

படுவார்கள். தீபாவளித் துணி எல்லோருக்கும் ஒரே கடையில், ஒரே விலையில் எடுங்கள். அதே சமயம் உங்கள் பிள்ளைக்கென்று தினமும் கொஞ்ச நேரம் ஒதுக்குங்கள். 'அவன் பாவம், நீ விட்டுக்கொடு' என்று எப்போதும் சொன்னால் இருவருக்குமே பகை வளரும். வந்த பிள்ளை பெண்ணாக இருந்தால் பாத்திரமும் துடைப்பமும் அவள் கையில் தானாகப் போய்ச் சேருகின்றனவா என்று பாருங்கள். வீட்டுக்கு வந்துபோகும் ஆண்களிடம் அவளையோ அவனையோ தனியாக விடாதீர்கள். பிள்ளை ஏதாவது சொன்னால் நம்புங்கள். 1098க்கு உடனே கூப்பிடுங்கள்.

என் கண் மூடுவதற்குள் பேத்தியைக் கட்டிக் கொடுத்துவிடலாம் என்று பார்க்கிறேன். பதினாறு முடிந்துவிட்டது.

வேண்டாம். 18 வயதுக்கு முன் திருமணம் செய்துவைப்பது 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். நடத்தி வைத்த பெரியவர்கள்மேல்தான் வழக்கு வரும். உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் தாயில்லாமல் வளர்ந்த பெண் பதினாறு வயதில் யாரோ ஒருவர் வீட்டுக்குப் போனால், அடி விழும் நாளில் திரும்பி வர அவளுக்கு இடம் ஏது? அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்தவள் என்றால், கல்லூரியில் சேர்ந்ததும் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்குக்கே வரும். பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டம். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிந்ததும் அவளைக் கூட்டிக்கொண்டு பக்கத்துக் கல்லூரிக்குப் போய் விண்ணப்பம் போட்டு விடுங்கள். அவள் பெயரில் வங்கிக் கணக்கு இல்லையென்றால், அதை இந்த வாரமே தொடங்குங்கள்.